எல்லைப்புற மாவட்டங்களுக்கு மறுவாழ்வு ஆலோசகர் பட்டப்படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டில் நடந்துவரும் உரிமைகள் திட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. இயன்முறை மருத்துவத்துக்கு ஓரிடம், பேச்சுப் பயிற்சிக்கு வேறோரிடம், அடையாள அட்டைக்கு மூன்றாவது இடம் என்று அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மையத்துக்கு வரும் ஒருவரோடும் அவருடைய குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசி, உடம்பின் நிலை, வீட்டின் நிலை, கையில் உள்ள தொழில், சட்டம் தரும் உரிமை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்து, இனி எப்படிப் பிழைப்பது என்று அவரே முடிவெடுக்கத் துணை நிற்க வேண்டிய ஆலோசகர் எங்கே படித்துவிட்டு வருவார் என்பதற்கு இதுவரை தெளிவான விடை இல்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

நான் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் வசிக்கிறேன். திங்கள்கிழமைகளில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டிய தொழில்வல்லுநர்கள் 16 வகையினர். செவித்திறன் வல்லுநர், சிறப்பாசிரியர், செயற்கை அவயவ வல்லுநர் ஆகியோரோடு மறுவாழ்வு ஆலோசகரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் ஆலோசகர், வேலைவாய்ப்பு அலுவலர் என்று ஒரு வகையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பதிவேடு பல ஆண்டுகள் என் மேசையில்தான் இருந்தது. அப்படியொரு பட்டியல் இருப்பதாகவோ அதற்குரிய பயிற்சி உண்டென்றோ பணிக்காலத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதிவில்லாமல் இத்தொழில்களைச் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை ஆலோசகர்கள் விஷயத்தில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் நம் பக்கத்து மையங்கள் பலவற்றில் நாற்காலி காலியாகிவிடும் என்பதே என் கணிப்பு.

சிறப்பாசிரியராக வேண்டுமானால் அதற்கென்று பட்டயமும் பி.எட். படிப்பும் உண்டு. காது கேட்கும் திறனைச் சோதிப்பவருக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. ஆலோசகர் பணிக்கு மட்டும் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுநிலை படித்தவரும் வருகிறார், உளவியல் படித்தவரும் வருகிறார், ஆள் கிடைக்காத இடத்தில் இரண்டும் படிக்காதவரும் வருகிறார். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலில் இளநிலை, முதுநிலைப் படிப்புகள் நடைபெறுகின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் பல படிப்புகள் உள்ளன. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லையில் உள்ள புளியரையிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ ஒரு பிள்ளை வீட்டிலிருந்து போய்ப் படித்து வரும் தொலைவில் அவை இல்லை. போதாக்குறைக்கு, எம்.ஃபில். படிப்புகளை நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. இருந்த ஏணியின் மேற்படிகளும் கழற்றப்படும்போது புதிய படிகளை எங்கே வைப்பது என்று இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி இல்லாத ஆலோசனை என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அரசு நிறுவனம் ஒன்றில் ஓட்டுநராக இருந்த ஒருவருக்குச் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் ஆலோசகர் என்று வந்தவர் அன்பாகத்தான் பேசியிருக்கிறார். கடவுள் மேல் பாரத்தைப் போடுங்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வரும் பணத்தை வங்கியில் போட்டு வீட்டில் நிம்மதியாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார். விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் திருத்தி எழுதித் தரச் சொல்லி அந்த மனிதர் என்னிடம் வந்தார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது; பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் ஒன்றை உருவாக்கி ஓய்வு வயது வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இதை நான் படித்துக் காட்டியபோது அவர் நம்பவில்லை. "அண்ணாச்சி, அந்தம்மா இவ்வளவு நேரம் பேசிச்சே, இதைச் சொல்லலையே" என்றார். அந்த அம்மையாரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் அவருக்கு இதைப் பாடமாக வைத்ததில்லை. அவருக்குத் தெரிந்தது ஆறுதல் சொல்லுதல். அதை அவர் செய்தார்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் பார்த்திருக்கிறேன். கொல்லம் மாவட்டத் தோப்புகளில் தேங்காய் வெட்டப் போய், மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட இளைஞர் ஒருவரின் வீட்டுக்கு, தொண்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் வந்திருந்தார். மனு எழுதுவதற்காக நானும் போயிருந்தேன். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தாயார் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அந்தப் பெண் தாயாரைத் தடுக்கவில்லை. கேட்டுக்கொண்டு, மீண்டும் அதே கேள்வியை இளைஞரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். சாய்ந்துகொள்ளாமல் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, சிறுநீர்க் குழாயை எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், இரவில் புரட்டிப் படுக்கவைப்பது யார், கழிப்பறைக்கு எத்தனை படி என்று விசாரித்தார். கால் மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அப்படிச் செய்யாவிட்டால் படுக்கைப் புண் எப்படி வரும் என்று சொன்னார். அதன் பிறகு தாயாரை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு மனைவியோடு வாழும் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்டபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தக் கேள்வியை அதுவரை எந்த மருத்துவரும் கேட்டதில்லை என்று பின்னால் அந்த இளைஞரே சொன்னார்.

தொழில் பற்றிய பேச்சு அதற்கும் பிறகுதான் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்த இளைஞருக்குத் தையல் இயந்திரமும் ஜெராக்ஸ் கடையும்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாற்றுத்திறனாளி என்றாலே இந்த இரண்டுதான் என்று ஊரில் ஒரு முடிவு இருக்கிறது. என் பழைய அலுவலகத்தில் எங்களுக்கும் அதே முடிவுதான். அந்தப் பெண்ணோ அவரிடம் தேங்காய் வெட்டைப் பற்றிப் பேசவைத்தார். எந்தத் தோப்பு யாருடையது, எது 45 நாளில் வெட்டுக்கு வரும், எந்த மரம் வழுக்கும், எந்த வியாபாரி எடையில் ஏமாற்றுவார் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் தோப்புக்காரர்களின் தொலைபேசி எண்கள் அவரிடம் இருந்தன. இன்று அவர் ஏறுபவர்களை அழைத்துக் குழுக்களாகப் பிரித்து அனுப்பி, வெட்டுக் கணக்கைப் பார்த்துக் கூலி பட்டுவாடா செய்யும் ஆளாக இருக்கிறார். ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள அறிவில் எது மிச்சமிருக்கிறது, எந்த வேலையை எப்படி மாற்றினால் அது அவர் கைக்கு வரும் என்று பிரித்துப் பார்ப்பது கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. நல்ல மனம் இருந்தால் மட்டும் அது வந்துவிடாது.

அமெரிக்காவில் இந்த வித்தை பல்கலைக்கழகத்துக்குள் வந்த வரலாற்றை நாம் கவனிக்கலாம். முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் மறுவாழ்வு அளிக்க 1918-இல் அங்கே சட்டம் வந்தது. 1920-இல் அது பொதுமக்களுக்கும் விரிவானது. ஆனால் ஆலோசகர்களை முறையாகப் படிக்கவைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு நிதி கொடுத்தது 1954-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான். அதன் பின்னரே மறுவாழ்வு ஆலோசனையில் முதுநிலைப் பட்டப்படிப்புகள் பெருகின. 1972-இல் இப்படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்க ஓர் அமைப்பு ஏற்பட்டது. 2017-இல் அது பொதுவான ஆலோசனைப் படிப்புகளைக் கவனிக்கும் அமைப்போடு இணைந்தது. அந்த அமைப்பு வகுத்துள்ள தரநிலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது தாள்களின் எண்ணிக்கை இல்லை. மாணவர் முதலில் 100 மணி நேரம் செய்முறைப் பயிற்சியும், பிறகு 600 மணி நேரம் களப்பணியும் முடிக்க வேண்டும். அந்த 600-இல் 240 மணி நேரமாவது உதவி தேடி வந்தவர்களோடு நேரடியாகப் பணியாற்றியதாக இருக்க வேண்டும். வாரந்தோறும் அனுபவமுள்ள ஒருவர் அவரை உட்காரவைத்து, என்ன கேட்டாய், ஏன் கேட்டாய், என்ன கேட்காமல் விட்டாய் என்று விசாரிக்கிறார். நம் நாட்டில் மருத்துவர் பயிற்சியிலும் வழக்கறிஞர் தொழிலிலும் மூத்தவர் ஒருவரின் கீழ் இருந்து கற்பது பழகிய முறைதான். ஆலோசகர் மட்டும் சான்றிதழோடு நேராக மேசைக்கு வந்துவிடுகிறார்.

அங்கே உள்ள பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்கிறேன் என்று கருத வேண்டாம். அங்கே ஆலோசகர் முன்னால் ஒரு தனிமனிதர் வந்து உட்காருகிறார். இங்கே ஒருவரோடு தாய், தாய்மாமன், அக்காள் கணவர் என்று நாலு பேர் வருவார்கள். முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த நாலு பேர்தான். தங்கைக்கு வரன் அமையாது என்று மனநலிவுற்ற அண்ணனை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பம் உண்டு. பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டும் என்று நேர்த்திக்கடன் வைத்துக் கோவில் கோவிலாகப் போய்க்கொண்டே, செவித்திறன் சோதனையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையைக் கேலி செய்யாமல், ஆடி மாதக் கோவில் கொடைவிழா முடிந்த மறுவாரமே பரிசோதனைக்குத் தேதி வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவரே இங்கே ஆலோசகர். அதைத் தமிழில், இந்த ஊர்ப் பேச்சில், இந்த ஊர்க் குடும்பங்களோடு பழகித்தான் கற்க முடியும்.

இதில் எல்லைப்புறத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டமும் அப்படியே. கோடு மாறினாலும் பிழைப்பு மாறவில்லை. இங்கிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் அந்தப் பக்கம் போகிறார்கள். பெரிய சிகிச்சை என்றால் திருவனந்தபுரத்துக்குப் போகிறார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. கேரளத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பட்ஸ் பள்ளிகளைக் குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் சுயஉதவி அமைப்பின் துணையோடு ஊராட்சிகளே நடத்துகின்றன. 2004-இல் வெங்ஙானூரில் தொடங்கியது அந்த முறை. அங்கே உதவி தேடுபவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது ஊராட்சி உறுப்பினரை. தமிழ்நாட்டில் அவர் போக வேண்டியது ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இங்கே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அங்கே பராமரிப்பவருக்கு என்று ஆசுவாசகிரணம் என்னும் தனி உதவித் திட்டம் உண்டு. யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். உதவித்தொகையோ குடியிருப்பைப் பார்க்கும். இந்த வேறுபாடு தெரியாத ஆலோசகர், திருவனந்தபுரத்தில் சிகிச்சை முடித்து வீடு திரும்பும் தென்காசிக்காரரிடம் அவருக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒரு திட்டத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார். அவரும் அதை நம்பி ஆறு மாதம் ஊராட்சிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருப்பார்.

ஆகவே என் கோரிக்கை, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் மறுவாழ்வு ஆலோசனையில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பதே. செங்கோட்டை முதல் களியக்காவிளை வரை தென்கோடி எல்லை முழுவதும் இந்த ஒரே பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. களப்பயிற்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இருக்கிறது; திருநெல்வேலியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் 1997 முதல் இயங்கும் தேசிய பேச்சு மற்றும் கேட்பு நிறுவனமும், நாலாஞ்சிறையில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான வாழ்க்கைத்தொழில் சேவை மையமும் உள்ளன. ஒரு பருவத்தையாவது மாணவர்கள் அந்தப் பக்கத்தில் கழிக்க வேண்டும், மலையாளம் வாசிக்கக் கற்க வேண்டும். சேர்க்கை 15 பேருக்கு மேல் வேண்டாம். 600 மணி நேரக் களப்பணியை மேற்பார்வையிட அதற்கு மேல் ஆள் இருக்காது. தொலைநிலைக் கல்வியில் இதை நடத்தும் எண்ணம் வந்தால் தொடங்காமல் இருப்பதே நல்லது.

பல்கலைக்கழகங்களுக்கு இது புதிய சுமை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளியர் குறித்த கல்வியையும் ஆய்வையும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் வளர்க்க வேண்டும், அதற்கான மையங்களை அமைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவே சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எத்தகைய பணியாளர்கள் தேவை என்று கணக்கெடுத்துத் திட்டமிட வேண்டிய பொறுப்பை அரசுக்கும் அதே பிரிவு தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேரும் கேரளத்தில் 7.61 லட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள். பழைய சட்டம் ஏழு வகை ஊனங்களையே கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பார்க்கின்சன் நோயும் ரத்த உறைவுக் குறைபாடும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் அதில் அடங்கும். ஆலோசகருக்கான தேவை எந்தப் பக்கம் போகிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

படிப்பு முடித்தவருக்கு வேலை எங்கே என்று கேட்பார்கள். நானும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்தவன் என்பதால் அந்தக் கேள்வியை மதிக்கிறேன். சேவை மையங்களின் ஆலோசகர் பணியிடங்களுக்கு இந்தப் பட்டத்தையும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவையும் கட்டாயத் தகுதியாக ஓர் அரசாணையில் வைத்தால் போதும். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்களை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. ஊதியத்தோடு விடுப்புக் கொடுத்து, அவர்களையே முதல் அணியில் சேர்க்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவரே போதும் என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. களப்பணி என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் தண்டுவடக் காயம், பார்வையிழப்பு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் வேலைத்திறனை வெவ்வேறு விதமாகப் பாதிக்கும் என்பதை ஒரு பருவத்தின் ஒரு தாளில் படித்துவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத ஒதுக்கீடு சட்டப்படி உண்டு. இந்தப் படிப்பில் அது போதாது, மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். ஆந்திர எல்லையை ஒட்டிய வேலூரில், 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் என்னும் கேரளத்து மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) அதற்கென்று தனித்துறையை வளர்த்தார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவரைப் போன்றவர்கள் படிப்பதற்குத் தடையில்லாத வகுப்பறை, கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் வசதியுள்ள பாடநூல், சைகைமொழி பெயர்ப்பாளர் ஆகியவை சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு மனு கொடுத்து வாங்குவதாக இருக்கக் கூடாது.

பல்கலைக்கழகக் கல்விக்குழு அடுத்த கல்வியாண்டுக்கு முன் இதற்கென்று ஒரு பாடத்திட்டக் குழுவை அமைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பேராசிரியர்களோடு மாற்றுத்திறனாளிகள் இருவராவது, அவர்களைப் பராமரிக்கும் தாய்மார்களில் ஒருவராவது, கேரளத்திலிருந்து ஒருவராவது அக்குழுவில் முழு உறுப்பினர்களாக இருக்க வேண்டும். முதல் கூட்டத்தை மாடியில் உள்ள அறையில் வைக்காமல், சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் உள்ள கட்டடத்தில் வைக்குமாறு பதிவாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேலைவாய்ப்பு அலுவலக ஊழியர்,
செங்கோட்டை